பறப்பு முதலில், கடல் பிறகு: வெப்பமண்டலத் தீவுகளில் நண்பர்களோடு பாராகிளைடிங், ஊர்சுற்றல் – முழுமையான வழிகாட்டி

தீவுப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் பாராகிளைடிங்கைக் கடைசி நாளில் வைப்பது வழக்கம். கடல், அருவி, எரிமலை எல்லாம் பார்த்துவிட்டுப் பறப்போடு முடிக்கலாம் என்ற ஆசை. தயவுசெய்து அப்படி வைக்காதீர்கள். இது முழுக்கக் காற்றை நம்பிய விளையாட்டு. காற்று வேகம் கூடினாலும் பறக்க முடியாது, திசை மாறினாலும் முடியாது, மேகம் இறங்கினாலும் முடியாது. கடைசி நாளில் காற்று கைவிட்டால் மாற்று நாள் கிடையாது. முதல் நாளிலேயே வைத்துக்கொண்டால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று வாய்ப்பு தொடர்ந்து கையிலிருக்கும். ஸ்கூபா டைவிங்கும் திட்டத்தில் இருந்தால் பறப்பு முன்னால் வந்தே ஆகவேண்டும். அதன் காரணத்தைப் பின்னால் பார்க்கலாம்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடலாம். கடற்கரையில் படகு கயிறு கட்டி இழுக்க, பாராசூட்டில் தொங்கிக்கொண்டு போவது பாராசெய்லிங். மலைச்சரிவிலிருந்து ஓடிப் புறப்பட்டு, எந்தக் கயிற்றோடும் பிணைப்பில்லாமல், பைலட் திருப்பி ஓட்டுவது பாராகிளைடிங். முன்பதிவு செய்யும்போது இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். 'டாண்டம் பாராகிளைடிங்' என்று எழுத்தில் இருக்கிறதா, புறப்படும் இடம் மலையா படகா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். டாண்டம் என்றால் ஒரே சிறகில் (பாராகிளைடரின் துணிக்குடையில்) இருவர்: பின்னால் பைலட், முன்னால் நீங்கள். முன்பயிற்சி தேவையில்லை.

தீவையும் பருவத்தையும் தேர்ந்தெடுத்தல்

வெப்பமண்டலக் கடல்களில் பெரும்பாலும் வியாபாரக் காற்றே ஆட்சி செய்கிறது. வட அரைக்கோளத்தில் வடகிழக்கிலிருந்தும் தென் அரைக்கோளத்தில் தென்கிழக்கிலிருந்தும் வீசும். தீவில் பறக்கும் இடம் எப்படிப்பட்டது என்பதை இந்தக் காற்றை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இடங்கள் இரண்டு வகை.

முதல் வகை, காற்று நேராக வந்து மோதும் கடலோரப் பாறைச் சரிவு. பாலித் தீவின் தென்முனையிலுள்ள திம்பிஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹவாயில் ஓவாஹு தீவின் கிழக்கு முனையிலிருக்கும் மக்காபூவும் இப்படித்தான். கடல்மேல் தடையின்றி வந்த காற்று சரிவில் மோதி மேலே எழும்புகிறது. அந்த ஏறுகாற்றுப் பட்டைக்குள் முன்னும் பின்னுமாகப் போய்வந்தால் காற்று வீசும்வரை இறங்காமலே பறக்கலாம். உயரம் அதிகமிருக்காது. ஆனால் காற்று குறிப்பிட்ட திசையிலிருந்து, குறிப்பிட்ட வேகத்தில் வரவேண்டும். திம்பிஸில் தென்கிழக்குக் காற்று நிலைத்து வீசும் ஆண்டின் நடுமாதங்களே பருவம். மழை மாதங்களில் மேற்கிலிருந்து காற்று திரும்பிவிடும், அப்போது அந்தச் சரிவால் பயனில்லை.

இரண்டாம் வகை, உயர்ந்த மலையின் காற்று மறைவுப் பக்கம். இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் ஆட்சியிலுள்ள ரீயூனியன் தீவின் மேற்குக் கரையில் இருக்கும் சென்-லூ இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது. சுமார் 800 மீட்டர் உயரத்திலிருந்து புறப்பட்டு, பவளப்பாறைக்கு உட்பட்ட வெளிர்நீலக் காயலைப் பார்த்தபடியே கரைக்கு இறங்குவார்கள். தீவின் நடுவே 3,000 மீட்டருக்கு மேல் உயரும் பித்தோன் தெ நேஜ் மலை வியாபாரக் காற்றைத் தடுத்துவிடுவதால், மேற்குப் பக்கத்தில் காலையில் மென்மையான கடற்காற்று தானாக உருவாகிறது. பறப்பு அந்தக் கடற்காற்றில்தான். இங்கே காலை நேரம் தங்கம். நண்பகலுக்குள் மலையின் நடுச்சரிவில் மேகம் கூடிப் புறப்படும் இடத்தையே மூடிவிடக்கூடும்.

முதன்முறை பறப்பவர்கள் கொண்ட குழுவுக்கு இரண்டாம் வகைதான் ஏற்றது. உயரம் அதிகம், காற்று மெது, காட்சி விரிவு. பாறைச் சரிவில் பறப்பதும் சுகம்தான். ஆனால் புறப்படும்போது காற்று வலுவாக இருக்கும் என்பதால் சிலருக்கு முதல் நொடிகள் அச்சமூட்டும்.

மாதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் புயல் பருவத்தைக் கழித்துவிடுங்கள். தென்மேற்கு இந்தியப் பெருங்கடலில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, கரீபியத்தில் ஜூன் முதல் நவம்பர் வரை. நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் இருக்கும் தீவுகளில் புயல் உருவாவது மிக அரிது. ஆனால் அங்கே பிற்பகல் இடிமேகம் அன்றாட விருந்தாளி என்பதால் பறப்பு காலையோடு முடிந்துவிடும்.

ஆள் கணக்கும் நேரக் கணக்கும்

நண்பர் குழுக்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஆறு பேர், இரண்டு டாண்டம் பைலட்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குப் பறப்பு 20 நிமிடம், சிறகை மடிக்க 10, வேனில் திரும்ப மேலேற 30, மறுபடி விரித்துத் தயாராக 15. மொத்தம் 75 நிமிடம். முதல் ஜோடி 8.30க்குப் புறப்பட்டால் இரண்டாவது 9.45, மூன்றாவது 11.00. மேகம் 10.45க்கே மூடிவிட்டால் கடைசி இருவர் பறக்காமல் நிற்பார்கள். அந்த நாள் முழுக்க முகம் வாடித்தான் இருக்கும். ஆகவே ஆறு பேருக்கு மூன்று பைலட் கேளுங்கள். இரண்டே சுற்றில் முடியும். கிடைக்காவிட்டால் குழுவை இரண்டு நாளுக்குப் பிரித்து, மீதிப்பேர் அன்று வேறு இடம் பார்க்கட்டும்.

யார் முதலில்? பயப்படுகிறவர்களும் எடை குறைந்தவர்களும் முதல் சுற்றில். காலையின் முதல் மணி நேரத்தில் காற்று வழவழப்பாக இருக்கும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி வெப்பக்காற்றுக் குமிழிகள் எழும்பத் தொடங்கும், சிறகு குலுங்கும். எடை கூடியவர்கள் இரண்டாம் சுற்றுக்குப் போவது நல்லது. காற்றே இல்லாத நேரத்தில் அதிக எடையைத் தூக்கச் சிறகுக்கு நீண்ட ஓட்டம் தேவைப்படும். லேசான எதிர்காற்று வந்துவிட்டால் நாலைந்து அடியிலேயே தரைவிட்டு எழும்பலாம்.

எடையை மறைக்காமல் சொல்லுங்கள். டாண்டம் சிறகின் பரப்பு ஏறத்தாழ 40 சதுர மீட்டர். பலவற்றுக்கு மொத்தச் சுமையின் உச்சவரம்பு 220 கிலோ அளவில். பைலட் 75, கருவிகள் 30 என்றால் பயணிக்கு மிஞ்சுவது 115. நான்கைந்து கிலோவைக் குறைத்துச் சொன்னால் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்று தோன்றும். ஆனால் எந்தச் சிறகு, எந்தப் பைலட், எவ்வளவு காற்று என்று மூன்றையும் அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

கர்ப்பிணிகள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், தோள்மூட்டு அடிக்கடி நழுவுகிறவர்கள், முழங்காலை நம்ப முடியாதவர்கள் பறக்க வேண்டாம். முந்தைய இரவு மது அருந்தியவர்களும் அன்று தவிர்ப்பதே நல்லது; தலைச்சுற்றலும் வாந்தியும் அவர்களுக்குத்தான் முதலில் வரும்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

பைலட்டிடம் டாண்டம் உரிமம் இருக்கிறதா, பயணிக்கும் காப்பீடு உண்டா என்பது முதல் கேள்வி. தனியாகப் பறக்கும் உரிமமும் டாண்டம் உரிமமும் வேறு வேறு. அடுத்து, ரிசர்வ் (அவசரத்துக்கான மாற்று) பாராசூட் கடைசியாக எப்போது பிரித்து மடிக்கப்பட்டது? ஓராண்டுக்குள் இருக்கவேண்டும். மடிப்பிலேயே நெடுநாள் கிடந்த ரிசர்வ் விரிய நேரமெடுக்கும். தீவின் ஈரப்பதம் அதை இன்னும் மோசமாக்கும். சிறகு கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். உப்புக்காற்றும் வெயிலும் சேர்ந்தால் நைலான் துணி விரைவில் காற்றைக் கசியவிடத் தொடங்கும்.

இவற்றைவிட நிறையச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: "போன மாதம் எத்தனை நாள் ரத்து செய்தீர்கள்?" நல்ல நிறுவனம் தயங்காமல் எண்ணிக்கையைச் சொல்லும். "நாங்கள் ரத்தே செய்வதில்லை" என்று பெருமையாகச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். ரத்தானால் பணம் திரும்புமா, நாள் மட்டும் மாறுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயணக் காப்பீட்டை வரி வரியாகப் படியுங்கள். சாதாரணத் திட்டங்கள் பலவற்றில் பாராகிளைடிங், ஸ்கூபா இரண்டும் விலக்குப் பட்டியலில் இருக்கும். 'சாகச விளையாட்டு' என்ற பொதுச்சொல்லை நம்பாமல், பாராகிளைடிங் என்ற பெயரே இருக்கிறதா என்று தேடுங்கள். உரிமம் இல்லாமல் வாடகை ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தாலும் இழப்பீடு கிடைக்காது. தீவிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுசெல்லும் செலவு அடங்குமா என்பதையும் பாருங்கள். சின்னத் தீவுகளில் எல்லாச் சிகிச்சையும் கிடைப்பதில்லை.

என்ன எடுத்துச் செல்வது

பறப்புக்குக் கணுக்காலை மூடும் காலணி, முழு நீளக் காற்சட்டை, காற்றுப்புகாத மெல்லிய மேற்சட்டை, நூல் கட்டிய கண்ணாடி. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை 6 முதல் 10 பாகை வரை குறையும். கூடவே மணிக்கு 35 கி.மீ. காற்று முகத்தில் அடிக்கும். கடற்கரையில் வேர்த்துக்கொண்டிருப்பவருக்கு இது நினைவுக்கு வராது. செருப்போடு வந்தால் பல இடங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மற்ற இடங்களுக்கு: நீச்சலுக்கு முழுக்கைச் சட்டை, பவளப்பாறையில் நடக்க அடிப்பாகம் கெட்டியான நீர்க்காலணி, தலைவிளக்கு, நீர்ப்புகாப் பை, கொசு விரட்டி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. இரவில் கொசுவலை கட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். வெயில் களிம்பில் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் இல்லாததாக வாங்குங்கள். பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் 2021 முதல் இவை கலந்த களிம்புகளின் விற்பனையைத் தடைசெய்துள்ளது. பவர் பேங்க் கைப்பையில்தான் போகவேண்டும், பெட்டியில் வைக்கக்கூடாது.

பறப்பு நாளின் காலையில் காற்றைப் படிப்பது

முடிவு பைலட்டுடையது. இருந்தாலும் நீங்களும் பார்க்கத் தெரிந்துகொண்டால், "இன்று முடியாது" என்று அவர் சொல்லும்போது அதன் நியாயம் புரியும். இன்னொரு பயனும் உண்டு: போகக்கூடாத நேரத்தில் போகலாம் என்று ஒருவர் சொன்னால் மறுக்கத் துணிவு வரும்.

இரவு முழுக்க நிலம் குளிர்ந்து, காற்று மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும். இது நிலக்காற்று. விடிந்ததும் புறப்படும் மேட்டில் நின்றால் முதுகில் காற்று படும். முதுகுக்காற்றில் பாராகிளைடர் புறப்படக்கூடாது; ஓடவேண்டிய வேகம் கூடிவிடும், சிறகும் சரியாக எழும்பாது. வெயில் ஏறியதும் சிறிது நேரம் காற்று அசைவற்று நிற்கும். பிறகு கடற்காற்று மெல்ல மேலேறத் தொடங்கும். அந்தத் திருப்பத்துக்காகத்தான் எல்லோரும் மேட்டில் காத்திருப்பார்கள். ஏழு மணிக்கே மேலே போய் "ஏன் இன்னும் பறக்கவில்லை" என்று நச்சரிக்க வேண்டாம்.

கடலைப் பாருங்கள். அலைத்தலைகள் அங்கங்கே மட்டும் வெள்ளையாக உடைந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கி.மீ. அளவில். கடல் முழுக்க வெள்ளை நுரை அடிக்கடி தெறித்தால் 20 முதல் 28 கி.மீ. டாண்டத்துக்கு 10 முதல் 25 கி.மீ. வரை நிம்மதியான எல்லை. பாராகிளைடர் காற்றில் செல்லும் வேகமே 36 முதல் 39 கி.மீ. என்பதால், எதிர்காற்று 35ஐத் தொட்டால் சிறகு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும்; இன்னும் கூடினால் பின்னோக்கிப் போகும். பின்னால் இருப்பது மலையின் மறுபக்கம், அங்கே காற்று சுழன்று கீழே அமுக்கும். பாராகிளைடிங்கில் இதைவிட மோசமான இடம் கிடையாது.

சராசரி வேகத்தைவிட வீச்சின் ஏற்றத்தாழ்வைக் கவனியுங்கள். காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப்பையையே ஐந்து நிமிடம் பாருங்கள். 18 கி.மீ. நிலையாக வீசினால் நல்லது. 8க்கு இறங்கி 24க்குத் தாவினால், சராசரி குறைவாக இருந்தாலும் பறக்கக்கூடாது. காற்று இரு மடங்கானால் அது சிறகின் மேல் செலுத்தும் விசை நான்கு மடங்காகும்.

மேகத்தையும் விடாதீர்கள். தட்டையான அடிப்பாகத்தோடு பஞ்சுத் துண்டுகளாக நின்றால் கவலையில்லை. ஒரு மேகம் அகலத்தைவிட உயரம் கூடிக் காலிஃபிளவர் போல் கொப்பளித்து வளர்ந்தால் நேரம் முடிந்துவிட்டது என்று பொருள். இடிமேகத்திலிருந்து கீழே கொட்டும் குளிர்காற்று பல கிலோமீட்டர் தள்ளிக்கூட திடீர்ப் புயல்போல் வந்து அடிக்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அடுத்தடுத்து இரண்டு தீவுகள் இருந்தால் நடுவிலுள்ள நீரிடுக்கில் காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடும் என்பதும் நினைவிருக்கட்டும். வானிலைச் செயலி காட்டும் எண் அந்த இடுக்குக்கு உரியதாக இராது.

புறப்பாடு

1. பறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிடுங்கள். வெறும் வயிறும் நிறைந்த வயிறும் இரண்டுமே குமட்டலைத் தரும்.

2. ஹார்னஸ் (உடலோடு கட்டிக்கொள்ளும் பட்டை இருக்கை) மாட்டும்போது கால்பட்டை இரண்டும் முதலில் பூட்டப்பட வேண்டும், மார்புப்பட்டை அதற்குப் பிறகு. கால்பட்டை பூட்டாமல் பறந்து நழுவிய விபத்துகள் இந்த விளையாட்டின் வரலாற்றில் நடந்திருக்கின்றன. பைலட் சரிபார்த்தாலும் உங்கள் கையால் இரண்டு தொடையிலும் தொட்டுப் பாருங்கள். ஹெல்மெட் கொக்கியையும்.

3. உங்களையும் பைலட்டையும் சிறகோடு இணைக்கும் கேரபினர் கொக்கிகள் பூட்டப்பட்டதா என்று பைலட் பார்ப்பார். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள். சோதனை நடுவில் கவனம் கலைந்தால் நல்ல பைலட் முதலிலிருந்து தொடங்குவார்.

4. "நட" என்றதும் நடங்கள். சிறகு எழும்பும்போது பின்னோக்கி ஓர் இழுப்பு வரும். பலர் பயந்து நின்றுவிடுவார்கள். நிற்காமல் உடலை முன்சாய்த்து இழுப்பை எதிர்த்து நடங்கள்.

5. "ஓடு" என்றால் ஓடுங்கள். கால் தரையை விட்ட பிறகும் காற்றில் ஓடிக்கொண்டே இருங்கள். டாண்டம் புறப்பாட்டில் பயணிகள் செய்யும் தவறுகள் இரண்டே: குதிப்பது, சீக்கிரம் உட்கார்ந்துவிடுவது. குதித்தால் ஒரு நொடி சிறகின் சுமை குறைந்து, அடுத்த நொடி இருவரும் தரையில் மோதுவீர்கள். உட்கார்ந்தால் உங்கள் எடை முழுவதும் பைலட்டின் கால்மேல் விழும்.

6. "உட்காரு" என்ற சொல் வந்தபின் முழங்காலைத் தூக்கிப் பின்னால் நகருங்கள். தலைக்கு மேலிருக்கும் கயிறுகளைப் பிடிக்க வேண்டாம். பிடிக்க வேண்டியது தோள்பட்டைப் பட்டைகளை.

வானத்தில்

ஏறுகாற்று இல்லாவிட்டால் சிறகு நொடிக்குச் சுமார் 1.2 மீட்டர் இறங்கும். 800 மீட்டரிலிருந்து கணக்கிட்டால் பதினொரு நிமிடம்தான். விளம்பரத்தில் 20 நிமிடம் என்றிருந்தால் அது காற்று கைகொடுக்கும் நாளின் கணக்கு. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எட்டு மீட்டர் முன்னேறும் சிறகு, அசையாக் காற்றில் 800 மீட்டரிலிருந்து 6 கி.மீ.க்கு மேல் போகும். எதிர்காற்று 19 கி.மீ. வீசினால் அது பாதியாகச் சுருங்கிவிடும். பைலட் கரையை விட்டு வெகுதூரம் கடலுக்குள் போக மறுப்பது இந்தக் கணக்கால்தான்.

குமட்டல் வந்தால் அடக்கிக்கொண்டிருக்காமல் உடனே சொல்லுங்கள். அடிவானத்தைப் பாருங்கள், கேமராத் திரையைப் பார்க்காதீர்கள். சுழன்று இறங்கும் ஸ்பைரல் வேண்டுமா என்று கேட்பார்கள். முதல் பறப்பில் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. முழுப் பறப்பின் இன்பத்தையும் அந்த அரை நிமிடம் கெடுத்துவிடலாம். கைபேசியை உடலோடு கயிற்றில் கட்டாமல் வெளியே எடுக்காதீர்கள். செல்ஃபிக் குச்சி கயிறுகளில் சிக்கும் என்பதால், பைலட் தன் குச்சியில் எடுத்துத் தரும் படமே போதும்.

இறங்குதல்

தரையிலிருந்து ஐம்பது மீட்டர் உயரத்தில் பைலட் நிமிரச் சொல்வார். ஹார்னஸிலிருந்து முன்னால் வழுக்கிக் காலைத் தொங்கவிடுங்கள். காற்று இருந்தால் ஓரிரு அடி நடந்தால் போதும், இல்லாவிட்டால் ஓடவேண்டும். சில பைலட்கள் பயணியைக் காலை நீட்டித் தூக்கச் சொல்லி, ஹார்னஸின் அடிமெத்தையில் வழுக்கி இறங்குவார்கள். எந்த முறை என்பதைப் புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள். இறங்கியதும் முன்னால் நகர்ந்து நில்லுங்கள். சிறகு பின்னால் விழட்டும்.

கடலில் இறங்க நேர்வது அரிது. ஆனால் தீவில் பறப்பவர் இதைத் தெரிந்திருக்கவேண்டும். ஹார்னஸின் முதுகிலுள்ள நுரைமெத்தை மிதந்து, ஆளை முகங்குப்புறத் தள்ளிவிடும். ஆகவே உயிர்காப்பு உடுப்பு இருந்தாலும் ஹார்னஸிலிருந்து வெளியேறுவதே முதல் வேலை. பைலட் சொல்லும்போது பட்டைகளைத் தளர்த்துங்கள், ஆனால் கால் நீரைத் தொடும்வரை அவற்றை விடுவித்துக்கொண்டு குதிக்காதீர்கள். நீர்ப்பரப்புக்கு மேல் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. இரண்டு மீட்டர் என்று நினைப்பது பத்து மீட்டராக இருக்கும். நீரில் விழுந்ததும் சிறகையும் கயிறுகளையும் விட்டு விலகி, காற்று வரும் திசையில் நீந்துங்கள். அலை உடையும் இடத்தில் சிறகு நீரை நிரப்பிக்கொண்டால் ஆளையும் இழுத்துக்கொண்டு போகும்.

குழுவில் பைலட் இருந்தால்

சொந்தச் சிறகோடு வருகிறவர் பைலட்டின் திறன் நிலையைக் காட்டும், சர்வதேச அங்கீகாரமுள்ள ஐ.பி.பி.ஐ. அட்டையைக் கையில் வைத்திருக்கவேண்டும். எத்தனை நூறு மணி நேர அனுபவமிருந்தாலும் முதல் பறப்புக்கு முன் உள்ளூர் பைலட்டிடம் இடத்தைப் பற்றிக் கேட்டே ஆகவேண்டும்: விமான நிலைய எல்லை எங்கே, சுற்றுலா ஹெலிகாப்டர் எந்தப் பள்ளத்தாக்கு வழியாக வருகிறது, இறங்குதளம் எத்தனை மணிக்குச் சுழற்காற்றால் கெடும். மிதவை உடுப்பும் கயிறு அறுக்கும் கொக்கிக்கத்தியும் கட்டாயம்.

மணலில் சிறகை இழுக்காதீர்கள். சிறகின் துணி அறைகளுக்குள் புகும் மணல் துணியை அரத்தால் தேய்ப்பதுபோல் தேய்க்கும். உப்புநீர் பட்டால் அன்றே நன்னீரில் அலசி, நிழலில் காயவிடுங்கள். உப்பு உலர்ந்து படிகமானால் துணியும் கயிறும் விறைத்துவிடும். ரிசர்வ் நனைந்திருந்தால் அதைப் பிரித்துக் காயவைத்து மறுபடி மடிக்காமல் பறக்கவே கூடாது.

ஊர்சுற்றலைக் கோப்பது

டைவிங்கையும் உயரத்தையும் முதலில் பிரித்துவிடுங்கள். ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது உடலில் நைட்ரஜன் கரைகிறது. உடனே உயரமேறினால் அது குமிழியாகி மூட்டுவலி முதல் கைகால் செயலிழப்புவரை கொண்டுவரும். டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் தரும் வழிகாட்டுதல்: ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறும் முன் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம். விமானத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மலைச்சாலைக்கும் பாராகிளைடிங்குக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ரீயூனியனில் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலைக்கு நடை தொடங்கும் இடமே 2,300 மீட்டர் உயரம். மஃபாத் பள்ளத்தைப் பார்க்கும் மைதோ முனை ஏறத்தாழ 2,200 மீட்டர். காலையில் டைவ், மாலையில் மைதோ என்று திட்டமிடுவது ஆபத்து. மூச்சுக்குழாயோடு நீர்ப்பரப்பில் மிதந்து பார்க்கும் ஸ்நார்கெலிங்குக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

எனவே வரிசை: பறப்பு, மலை, பிறகு கடல்.

தீவின் இரு பக்கங்களையும் தனித்தனி நாளில் வையுங்கள். காற்று மோதும் பக்கம் மழை, காடு, அருவி. மறைவுப் பக்கம் வெயில், அமைதியான கடல். வேறுபாடு சாதாரணமல்ல. ரீயூனியனின் ஃபோக்-ஃபோக்கில் 1966 ஜனவரியில் புயலின்போது 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. பெய்தது, உலகச் சாதனை அது. அருவிக் குளத்தில் நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். மேலே மழை பெய்துவிட்டது, வெள்ளம் வருகிறது.

எரிமலை, மலைமுனை எல்லாம் விடியலில். ஒன்பது, பத்து மணிக்குள் மேகம் ஏறி, பார்க்க வந்ததை வெள்ளைத்திரை மறைத்துவிடும். எரிமலைப் பகுதியில் வெள்ளைக் குறியிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். பனிமூட்டம் இறங்கினால் கறுத்த பாறைவெளியில் எல்லாத் திசையும் ஒன்றுபோல் இருக்கும். மாலை நடையில் கவனிக்க வேண்டியது அந்திப்பொழுதின் குறுமை. வெப்பமண்டலத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால், மறைந்து இருபது இருபத்தைந்து நிமிடத்தில் கும்மிருட்டு. தலைவிளக்கு அதற்குத்தான்.

காயலில் நீந்த ஓத (கடல்நீர் ஏற்ற இறக்க) அட்டவணை பாருங்கள். நீர் மிகத் தாழ்ந்தால் பவளம் வயிற்றில் உரசும். நீர் வடியும் நேரத்தில் பவளத்தடுப்பின் திறப்பை நோக்கி நீரோட்டம் இழுக்கும். அந்தத் திறப்பருகே போகவேண்டாம். இழுக்கப்பட்டால் எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் விலகுங்கள். பவளக் கீறலை நன்னீரும் சோப்பும் கொண்டு தேய்த்துக் கழுவாவிட்டால் சீழ் பிடிக்கும். சுறா அபாயத்தால் ரீயூனியனில் 2013இல் காயலுக்கும் கண்காணிப்புள்ள பகுதிகளுக்கும் வெளியே நீந்தத் தடை வந்தது. எந்தத் தீவானாலும் கரையிலுள்ள அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டே இறங்குங்கள்.

எட்டு நாள் மாதிரி

முதல் நாள் வந்து சேர்தல், தூக்கம். இரண்டாம் நாள் காலை பறப்பு. பிற்பகல் காயலில் ஸ்நார்கெலிங். மூன்றாம் நாள் காலை விடுபட்டவர்களுக்கும், காற்று ஏமாற்றியிருந்தால் எல்லோருக்கும். எல்லோரும் பறந்துவிட்டால் அன்று மறைவுப் பக்கத்து ஊர்களும் மலைமுனையும். நான்காம் நாள் எரிமலை. விடிகாலை மூன்று, நான்கு மணிக்கே கிளம்பவேண்டும் என்பதால் முந்தைய இரவு நேரத்தோடு படுங்கள். இரண்டு, மூன்றாம் நாட்களில் பறப்பே நடக்கவில்லையென்றால் எரிமலையைப் பின்னுக்குத் தள்ளாமல் டைவை ஐந்துக்குப் பதில் ஆறில் தொடங்கி, ஐந்தைக் காற்றுக்குக் கொடுங்கள். ஐந்து, ஆறு நாட்கள் டைவ் அல்லது படகு. ஏழாம் நாள் அருவிப்பக்கம். சாலை 300 மீட்டருக்கு மேல் ஏறாததாக இருந்தால் நல்லது. டைவ் ஆறாம் நாள் பிற்பகலோடு நின்றுவிடவேண்டும். அப்போதுதான் எட்டாம் நாள் விமானத்துக்கு 18 மணி நேரத்தைவிடக் கூடுதலாகவே இடைவெளி கிடைக்கும்.

வேறு தீவுக்குப் படகில் போய்வருவதாக இருந்தால், ஏழாம் நாள் இரவுக்குள் விமான நிலையமுள்ள தீவுக்குத் திரும்பிவிடுங்கள். பறப்பை ரத்து செய்யும் அதே காற்று படகையும் ரத்து செய்யும்.